பந்தாட்டக் குழுவின் வருங்காலம்: சிகாகோ தரும் பாடம்

ஒரு கலாசாலையின் பந்தாட்டக் குழு வரும் பருவத்தில் வெல்லுமோ தோற்குமோ என்னும் வினா, மாணவர் விடுதிகளில் நள்ளிரவு வரையும் விளக்கெரியச் செய்வதொன்றாம். அதற்கு விடை கூறுவோர் பெரும்பாலும் தம் குழுவின்மேல் வைத்த அன்பினாற் கூறுகின்றனரேயன்றி ஆராய்ந்து கூறுகின்றாரல்லர். ஒரு குழுவின் வருங்காலத்தை எவ்வெவற்றால் அளந்தறியலாம் என்பதை, அமெரிக்க நாட்டுச் சிகாகோ சர்வகலாசாலையின் வரலாற்றைச் சான்றாகக் கொண்டு ஈண்டு நாம் ஆராயப் புகுகின்றோம்.

அமெரிக்கர் கால்பந்து என வழங்குவது நாம் ஆடும் ஆட்டமன்று. இருமுனையும் கூம்பிய பந்தைக் கையிலேந்தி ஓடியும், முன்னோக்கி எறிந்தும், பக்கத்திற்குப் பதினொருவராக ஆடுவது அது. பந்தையுடைய கட்சியார் நான்கு முயற்சிகளுள் பத்துக் கெஜம் முன்னேறல் வேண்டும். இன்றேல் பந்து மாற்றாரைச் சேரும். இலையுதிர்காலமே அதற்குரிய பருவம்.

கலாசாலைக் குழுவிற்கு இயல்பாகவே ஒரு குறையுண்டு. நன்கு பழகிய வீரன் பட்டம் பெற்றவுடன் குழுவை விட்டு நீங்குகின்றான். ஆதலின் சென்ற ஆண்டின் வெற்றி வரும் ஆண்டிற்குப் பிணையாகாது. எத்துணைப் பேர் எஞ்சினர், எவ்வெவ்விடங்கள் வெறுமையாயின, அவற்றை நிரப்பவல்ல இளையோர் உளரோ என்பனவே முதற்கண் நோக்கற்பாலன.

சிறந்த வீரன் ஒருவன் இருத்தல் போதாதோ எனின், போதாது. இன்று ஹைஸ்மன் பரிசு என வழங்கும் பெரும்பரிசை 1935 ஆம் ஆண்டில் முதன்முதற் பெற்றவர் சிகாகோ மாணவராகிய ஜே பெர்வாங்கர். அத்தகைய வீரர் இருந்தும் அவ்வாண்டில் அக்குழு ஆடிய எட்டு ஆட்டங்களுள் நான்கையே வென்றது.

இரண்டாவதாக நோக்கற்பாலது பயிற்சியாசிரியரின் திறன். சிகாகோவில் 1892 முதல் 1932 வரை அப்பணியை ஆற்றியவர் ஆமோஸ் அலோன்சோ ஸ்டாக். அவர் யேல் சர்வகலாசாலையில் குருப்பணியை நாடிப் பயின்றவர். பின்னர் இளைஞரை ஆட்டக்களத்தில் நெறிப்படுத்துதலையே தம் ஊழியமாகக் கொண்டார். இடையில் அவர் பணிபுரிந்த ஸ்பிரிங்பீல்ட் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் வழிவந்தவரே, 1920 இல் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரியைத் தோற்றுவித்த ஹாரி குரோ பக் என்பார். ஸ்டாக் காலத்தில் சிகாகோ தன் வட்டாரத்தில் ஏழுமுறை முதன்மை எய்தியது. ஐம்பத்தாறு ஆட்டங்களில் தோல்வியே காணாத மிச்சிகன் குழுவை 1905 இல் இரண்டு புள்ளிகளால் வென்றதும் அக்குழுவே.

நிற்க. ஆசிரியரின் திறனொன்றே அமையுமோ? ஸ்டாக்கின்பின் வந்தவர் கிளார்க் ஷானெஸி. 1939 ஆம் ஆண்டில் அவர் பயிற்றிய சிகாகோக் குழு மிச்சிகனிடம் எண்பத்தைந்து புள்ளிகளாலும், ஓஹையோ, ஹார்வர்டு ஆகிய இரண்டினிடமும் தனித்தனி அறுபத்தொரு புள்ளிகளாலும் தோற்றது. தான் எடுத்த புள்ளி அம்மூன்று ஆட்டங்களினும் ஒன்றுமில்லை. அவரே 1940 இல் ஸ்டான்போர்டு சென்று, முந்திய ஆண்டில் ஒரே ஆட்டம் வென்றிருந்த அக்குழுவைப் பயிற்றி, பத்து ஆட்டங்களையும் வென்றார். ஆசிரியர் ஒருவரே, விளைவோ வேறு. வித்து நன்றாயினும் நிலமும் நன்றாதல் வேண்டுமன்றோ?

அந்நிலமாவது யாது? கலாசாலையின் நோக்கமே என்போம். பிற சர்வகலாசாலைகள் பல ஆட்டத்திறனுக்காகவே இளைஞரைத் தேடிப் பொருளுதவி செய்து சேர்த்துக்கொண்டன. 1929 இல் வெளிவந்த கார்னகி நிறுவனத்தின் அறிக்கை இவ்வழக்கத்தைக் கடிந்துரைத்தது. அவ்வாண்டில் சிகாகோவின் தலைவரான ராபர்ட் ஹட்சின்ஸ் கல்வியையே பெரிதாகக் கருதியவர். ஏனையோர்போல் ஆள் சேர்க்கவும் அவர் உடன்படார். சேர்க்காது அவரோடு பொருது வெல்லவும் இயலாது. இறுதியில் 1939 டிசம்பரில் சிகாகோ அவ்வாட்டத்தையே கைவிட்டது. ஆரவாரம் அடங்கிய அக்களத்தின் மேற்குப் பார்வையாளர் மேடையின்கீழ், 1942 டிசம்பர் 2 ஆம் நாள், என்ரிகோ பெர்மியும் அவர் துணைவரும் அணுப்பிளவுத் தொடர்வினையை முதன்முதல் நிகழ்த்தினர்.

ஹட்சின்ஸ் செய்தது முற்றும் சரியோ? மாணவராகிய நாம் அவ்வாறு கூறத் துணியோம். வெற்றிக்காகக் கல்வியை விற்றல் தீது. எனினும், ஓடவும் விழவும் எழவும் தோழனை நம்பவும் கற்பிக்கும் களத்தை அடைத்துவிடுதலும் இழப்பேயாகும். சிகாகோவும் 1969 இல் அவ்வாட்டத்தை மீண்டும் ஏற்றது. ஆட்டத்திறனுக்கெனப் பொருளுதவி அளியாத பிரிவில் இன்று ஆடுகின்றது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நல்வழி அதுவே என்பது நம் கருத்து.

ஆதலின், வரும் பருவம் எவ்வாறிருக்கும் என நம் விடுதியில் வினவுவோர், எஞ்சிய வீரரை எண்ணுக, பயிற்றுவாரை நோக்குக, அவற்றோடு, நம் கலாசாலை எதன்பொருட்டு ஆடுகின்றது என்பதையும் வினவுக. அவ்வினாவிற்கு நேரிய விடையுடைய குழு, தோற்ற ஆண்டினும் தலைநிமிர்ந்து களம் நீங்கும்.