தந்தையரின் கனவும் மகளின் சலங்கையும்

(நாடகம் படிப்போம்: மகேஷ் தத்தானியின் 'டான்ஸ் லைக் எ மேன்')

ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் சங்கத்தின் மாடிக்குச் சென்றவர்களுக்குத் தெரியும். ஓர் அறையில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு. அடுத்த அறையில் பரதநாட்டிய வகுப்பு. தட்டுக்கழியின் ஓசை படிக்கட்டு வரை கேட்கும். வெளியே போட்டிருக்கும் நாற்காலிகளில் பெற்றோர்கள் காத்திருப்பார்கள். ஒன்பது ஆண்டுகள் நானும் அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

அத்தனை ஆண்டுகளில் எனக்கு ஒருமுறையும் தோன்றாத கேள்வியை ஒரு நாடகம் என்னிடம் கேட்டது. இது யாருடைய ஆசை? மகளுடையதா, என்னுடையதா? அந்த நாடகத்தை வாசகர்களோடு சேர்ந்து படிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாடகமும் ஆசிரியரும்

நாடகம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. தலைப்பைத் தமிழில் 'ஆணைப் போல ஆடு' என்று சொல்லலாம். 1989இல் நம் பெங்களூரில்தான் இது முதன்முதலில் மேடையேறியது. வயலின் வடிவில் கட்டப்பட்ட சௌடையா மண்டபத்தை அறியாதவர் நம்மில் இல்லை. அங்கேதான் அரங்கேறிற்று.

ஆசிரியர் மகேஷ் தத்தானி 1958இல் இதே ஊரில் பிறந்தவர். பெற்றோர் குஜராத்திகள். வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வளர்ந்தவர் என்பதால் நம் பிள்ளைகளுக்கு அவர் அந்நியர் அல்லர். பரதநாட்டியமும் பயின்றவர். 1998இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றார். இந்த நாடகம் 2004இல் பமீலா ரூக்ஸ் இயக்கத்தில் திரைப்படமாகவும் வந்தது.

கதைச் சுருக்கம்

ஜெயராஜ் பாரேக், ரத்னா இருவரும் வயதான நடனத் தம்பதியர். அவர்களுடைய மகள் லதாவும் நடனமணி. அவளுடைய முக்கியமான நிகழ்ச்சி ஒன்று நெருங்கிக்கொண்டிருக்கும்போது மிருதங்கக்காரருக்குக் கையில் அடிபட்டுவிடுகிறது. தாய்க்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தப் பரபரப்பின் நடுவே, லதாவை மணக்க விரும்பும் விஸ்வாஸ் அவள் பெற்றோரைப் பார்க்க வருகிறான். அவன் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. நடனம் பற்றி ஒன்றும் அறியாதவன்.

இங்கிருந்து கதை 1940களுக்குப் போகிறது. ஜெயராஜின் தந்தை அமிர்தலால் பாரேக் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவர், சமூகச் சீர்திருத்தவாதி, செல்வந்தர். ஊருக்கெல்லாம் விடுதலை வேண்டும் என்று பேசுபவருக்குத் தம் மகன் சலங்கை கட்டுவது பொறுக்கவில்லை. ஆண்மகனுக்கு இது தகுமா என்பது அவர் கேள்வி. மருமகள் ரத்னா, முதிய தேவதாசி ஒருவரிடம் அபிநயம் கற்கப் போவதும் அவருக்கு அவமானமாகப் படுகிறது. மகனும் மருமகளும் வீட்டைவிட்டு வெளியேறுகிறார்கள். வெளியே வாழ வழி தெரியாமல் விரைவிலேயே திரும்பி வருகிறார்கள்.

அப்போது மாமனார் மருமகளோடு ஓர் உடன்படிக்கை செய்துகொள்கிறார். 'நீ ஆடு, நான் தடுக்கவில்லை. ஆனால் என் மகன் ஆட்டத்தை விட நீ உதவ வேண்டும்' என்பது அதன் சாரம். ரத்னா இணங்குகிறாள். ஜெயராஜுக்கு மேடையில் இடம் சுருங்கிக்கொண்டே போகிறது. தன்னம்பிக்கை குலைந்து அவன் குடியில் விழுகிறான்.

அவர்களுக்கு முதலில் பிறந்த ஆண் குழந்தை சங்கர். அவன் வளர்ந்ததும் சிவனின் தாண்டவத்தைக் கற்பித்துத் தன் தந்தையின் முன்னால் ஆடவிட வேண்டும் என்பது ஜெயராஜின் கனவு. குழந்தை பிழைக்கவில்லை. இரவு நிகழ்ச்சிகளுக்குப் போகும்போது அது தூங்குவதற்காகக் கொடுக்கப்பட்ட அபின் அளவு மீறிவிடுகிறது. ஆயாவும் கொடுத்திருக்கிறாள், தாயும் கொடுத்திருக்கிறாள். ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. இத்தனை காலமாக அந்த வீடு வாய்விட்டுச் சொல்லாத உண்மை இது.

வரலாற்றுப் பின்னணி

நாடகம் நன்கு விளங்க நம் நடன வரலாறு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். தஞ்சை மரபில் ஆடியவர்கள் பெண்கள். கற்பித்தவர்களும் நட்டுவாங்கம் செய்தவர்களும் பெரும்பாலும் ஆண்கள். 1930களில் சதிர் என்ற பழைய பெயர் மறைந்து பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது. 1935இல் ருக்மிணி தேவி அடையாற்றில் ஆடினார். 1936இல் கலாக்ஷேத்திரம் தொடங்கியது. கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நிறைவேறியது. பல ஆண்டுகளாக அதற்குப் போராடியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

பெண்களை மீட்க வேண்டும் என்ற எண்ணம் நியாயமானது. ஆனால் அந்த வேகத்தில் அப்பெண்கள் காத்துவந்த கலையையும் பலர் வெறுத்து ஒதுக்கினர். அமிர்தலால் அப்படிப்பட்ட சீர்திருத்தவாதி. அவருக்கு நேர் எதிரான ஒருவரும் அதே காலத்தில் வாழ்ந்திருக்கிறார். வழக்கறிஞர் ஈ. கிருஷ்ணய்யரும் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டவர்தான். ஆனால் கலையின் மீதிருந்த இழிவைப் போக்குவதற்காகத் தாமே பெண் வேடமிட்டு மேடையேறி ஆடினார். ஆகவே 'காலம் அப்படி' என்று அமிர்தலாலுக்குச் சமாதானம் சொல்லிவிட முடியாது. அந்தக் காலத்திலும் வேறு வழி இருந்தது.

நான்கு நடிகர்கள், இரண்டு தலைமுறைகள்

இந்த நாடகத்தின் உயிர்நாடி அதன் இரட்டை வேட அமைப்பு. நான்கு நடிகர்களே போதும். லதாவாக வருபவரே இளம் ரத்னா. விஸ்வாஸாக வருபவரே இளம் ஜெயராஜ். முதிய ஜெயராஜாக நடிப்பவரே அவருடைய தந்தை அமிர்தலால். முதிய ரத்னாவாக நடிப்பவருக்கு மட்டும் ஒரே வேடம்.

ஆள் பற்றாக்குறைக்காகச் செய்த ஏற்பாடாக இதை நினைக்க வேண்டாம். தந்தையால் நொறுக்கப்பட்ட மகனே வயதானபின் அதே உடம்போடு தந்தையாக நிற்கிறான். தாய் இளமையில் எப்படி இருந்தாளோ அதே முகத்தோடு மகள் நிற்கிறாள். வசனத்தில் ஒரு பக்கம் சொல்ல வேண்டியதை இந்த ஏற்பாடு ஒரு கணத்தில் சொல்லிவிடுகிறது.

கனவு கைமாறும் விதம்

சொத்து கைமாறும்போது பத்திரம் எழுதுகிறோம். கனவு கைமாறும்போது எழுத்து இல்லை, சாட்சி இல்லை. வாங்கிக்கொள்பவரின் சம்மதத்தையும் கேட்பதில்லை. இந்நாடகத்தில் அது மூன்று விதமாக நடக்கிறது.

முதலாவது, அமிர்தலாலின் கனவு. மகன் தம்மைப் போன்ற ஆணாக வேண்டும். அதற்காக மகனின் கனவை அழிக்கிறார். இரண்டாவது, ஜெயராஜின் கனவு. தான் தோற்ற போரைத் தன் பிள்ளை வெல்ல வேண்டும். நடக்கக்கூடப் பழகாத குழந்தையின் தலையில் பழிவாங்கும் பொறுப்பை ஏற்றுகிறான். மூன்றாவது, ரத்னாவின் கனவு. தனக்குக் கிட்டாத புகழ் மகளுக்குக் கிட்ட வேண்டும். அதற்காக விமர்சகர்களையும் செல்வாக்குள்ளவர்களையும் அனுசரித்துப் போகிறாள். மகளுக்குப் பாராட்டு குவிந்தபிறகும் வீட்டில் நிம்மதி பிறப்பதில்லை.

மூவருமே தம் பிள்ளைகளை நேசிப்பவர்கள். அதுதான் நம்மைச் சுடுகிறது. கெட்டவர் ஒருவரும் இந்த நாடகத்தில் இல்லை.

நம் வீடுகளில்

வெளியூரில் வாழும் நமக்கு இதில் இன்னொரு சுமையும் சேர்ந்திருக்கிறது. ஊரைவிட்டு வந்த குற்ற உணர்வு நமக்கு உண்டு. தமிழும் இசையும் நாட்டியமும் பிள்ளைகளின் வழியாகவாவது பிழைத்திருக்கட்டும் என்று நினைக்கிறோம். நல்ல நினைப்புதான். ஆனால் பண்பாட்டின் பாரம் முழுவதையும் பத்து வயதுப் பெண்ணின் கணுக்காலில் கட்டிவிடுகிறோமோ?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வயதில் எனக்கு மிருதங்கத்தின் மீது அப்படியொரு பைத்தியம். 'படிப்பு கெட்டுப்போகும்' என்று அப்பா நான்கே மாதத்தில் நிறுத்திவிட்டார். என் மகளுக்கு ஆறு வயதானதும் நாட்டிய வகுப்பில் சேர்த்தேன். பதினைந்தாம் வயதில் அரங்கேற்றத்துக்கு நாள் குறித்தோம். மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாயிற்று. ஊரிலிருந்து உறவினர்கள் ரயிலுக்குப் பதிவும் செய்துவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சங்கத்தின் வாசிப்புக் கூட்டத்தில் இந்த நாடகத்தைப் படித்தோம். லதாவின் வசனங்களை என் மகள் படித்தாள். வீடு திரும்பும் வழியில் பஸ்ஸில் கேட்டாள்: "அப்பா, நான் ஆடறது உங்களுக்குப் பிடிக்குமா? இல்ல, நான் ஆடறதை நாலு பேர் பார்க்கறது பிடிக்குமா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. இறங்கும் இடம் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிரவு அவளிடம் உட்கார்ந்து பேசினேன். இரண்டு வருடமாகவே வகுப்புக்குப் போக மனமில்லை என்றாள். 'சொன்னால் நீங்கள் உடைந்துபோவீர்கள் என்று பயந்தேன்' என்றாள். அரங்கேற்றம் நடக்கவில்லை. முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. உறவில் இரண்டு பேர் இன்றும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள். மகள் இப்போது தாவரவியல் படிக்கிறாள். நான் ஐம்பத்து மூன்றாம் வயதில் மிருதங்க வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். என் பக்கத்தில் உட்கார்ந்து கற்பவனுக்கு எட்டு வயது. என்னைவிட அவன் கை நன்றாகப் பேசுகிறது.

எல்லாப் பிள்ளைகளும் நாட்டியத்தை விட்டுவிட வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். என் மகளோடு படித்த இரு பெண்கள் உயிராக ஆடுகிறார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மட்டுமே நான் கற்ற பாடம்.

நம் மேடையில் நடிக்க

சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு ஏற்ற நாடகம் இது. கதை பெரும்பாலும் ஒரே வீட்டுக்குள் நடப்பதால் அரங்கச் செலவு குறைவு. வேடம் மாறுவதைக் காட்ட ஒரு சால்வையும் விளக்கின் நிற மாற்றமும் போதும். ஒப்பனையை நம்பாமல் நடையையும் குரலையும் மாற்றப் பழக வேண்டும். முதியவராக நடிப்பவர் தந்தைக்கும் மகனுக்கும் கையின் அசைவு ஒன்றிலாவது ஒற்றுமை வைத்துக்கொண்டால் பார்ப்பவருக்குத் தானாகப் புரியும். குழந்தையின் மரணம் வெளிப்படும் காட்சியில் அழுகையை அடக்கி நடிப்பதே நல்லது.

ஒன்று மறக்க வேண்டாம். மொழிபெயர்ப்பதற்கும் மேடையேற்றுவதற்கும் உரிமையாளரிடம் முன் அனுமதி பெற வேண்டும். நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியரின் ஆயுட்காலமும் அதன்பின் 60 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு.

சிந்திக்கச் சில கேள்விகள்

1. மாமனாரின் உடன்படிக்கையை மறுக்க ரத்னாவுக்கு வழி இருந்ததா? மறுத்திருந்தால் அவள் நிலை என்ன ஆகியிருக்கும்?

2. அமிர்தலால் மகனைத் தடுத்தார், ரத்னா மகளைத் தூண்டினாள். இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

3. லதா தன் விருப்பத்தைத் தானே சொல்லும் இடங்களை நாடகத்தில் தேடிக் குறியுங்கள். எத்தனை கிடைத்தன?

4. உங்கள் பெற்றோர் உங்கள் கையில் கொடுத்த கனவு எது? அதை நீங்கள் யாரிடம் கொடுத்திருக்கிறீர்கள்?

முதல் மூன்று கேள்விகளை வாசிப்புக் கூட்டத்தில் விவாதிக்கலாம். நான்காவதை வீட்டில், சாப்பிட்டு முடித்தபின், தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பிள்ளைகளோடு பேசுங்கள். பதில் உடனே வராவிட்டால் காத்திருங்கள். வகுப்பு முடியும்வரை வாசலில் காத்திருந்து பழகியவர்கள்தானே நாம்.