சார்ஜர் மின்சாரம் தருகிறதா?

1990களில் வன்னிக்குள் பற்றரி கொண்டுவரத் தடை இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றித்தான் வானொலி கேட்டோம். சத்தம் வராவிட்டால் உடனே வானொலியைக் கழற்றவில்லை. டைனமோவிலிருந்து மின்சாரம் வருகிறதா என்றே முதலில் பார்த்தோம். அந்தப் பழக்கம் இன்றும் உதவும்.

பிள்ளையின் படிப்புக்கு வாங்கிய பழைய மடிக்கணினி இயங்கவில்லையா? புதியது வாங்கக் கடன்படுமுன் இவற்றைச் செய்து பார்ப்போம்.

1. அதே பிளக்கில் வேறொரு விளக்கு எரிகிறதா? சார்ஜர் வயரில் எலி கடித்த இடமோ, கருகிய இடமோ இருந்தால் அதைப் பாவிக்க வேண்டாம்.

2. பற்றரி கழற்றக்கூடியதாயின், அதைக் கழற்றிவிட்டுச் சார்ஜரில் மட்டும் கணினியை இயக்குவோம். இயங்கினால் சார்ஜர் நல்லது; பழுது பெரும்பாலும் பற்றரியிலேயே.

3. இயங்காவிட்டால், மல்ரிமீற்றர் உள்ளவரிடம் கொண்டுபோவோம். அதை நேரோட்டம் 200 வோல்ற்றில் வைத்து, கணினியில் செருகும் முனையின் உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் அளக்க வேண்டும். இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று தொடக்கூடாது. பழைய கணினிகள் பலவற்றுக்கு ஏறத்தாழ 19 வோல்ற் காட்டும். சரியான அளவு சார்ஜரிலேயே எழுதியிருக்கும். பூச்சியம் காட்டினால் சார்ஜர் பழுது. அளவு சரியாயிருந்தும் கணினி இயங்காவிட்டால், அதே வகையான வேறொரு சார்ஜரை இரவல் வாங்கிப் பார்ப்போம். சுமை ஏறும்போது சில சார்ஜர்கள் தளர்ந்துவிடும்.

சார்ஜரை ஒருபோதும் உடைத்துத் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளே ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கலாம்.

புதிய சார்ஜர் வாங்கினால் வோல்ற் அளவு அதேயாகவும், அம்பியர் குறையாமலும் இருக்கட்டும். பழுதை அறிந்த பின்பே காசைச் செலவழிப்போம்.