பாசன நீரின் உப்பை உழவர்களே அளக்கலாம்

பயிர் வாடினால் கண்ணுக்குத் தெரியும். பாசன நீரில் உப்பு ஏறுவது தெரிவதில்லை. நாக்கில் கரிப்பு நன்கு தெரியும் முன்பே வெங்காயம், பீன்ஸ் போன்ற பயிர்களின் விளைச்சல் குறையத் தொடங்கிவிடலாம். எனவே உப்பை அளந்து அறிவதே நல்லது.

நொய்யல் தரும் பாடம்

பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்கு உப்பு சேர்க்கப்படுகிறது. சாதாரணச் சுத்திகரிப்பால் இவ்வுப்பு நீங்குவதில்லை. திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் கலந்து, 1992-ல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. கிணறுகளும் நிலங்களும் கெட்டன. ஆயக்கட்டுதாரர்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2006-ல் தீர்ப்பளித்தது. 2011 சனவரியில் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. அதற்குள் நிலம் பாழாகிவிட்டது. உப்பு ஏறும்போதே அறிந்தால்தான் நிலத்தைக் காக்க முடியும்.

அமெரிக்காவில் குளிர்காலத்தில் சாலைப் பனியை உருக்க உப்பு தூவுகின்றனர். அது ஓடைகளில் கலப்பதை ஊர்மக்களே சோதனைத் தாள் கொண்டு அளந்து, குறித்து வருகின்றனர். நாமும் இவ்வாறு செய்யலாம்.

அளக்கும் முறை

மின்கடத்துதிறன் அளக்கும் சிறு கைக்கருவி ஒன்றை நான்கைந்து உழவர்கள் சேர்ந்து வாங்கலாம். அவ்வப்போது தரக்கரைசலில் வைத்துக் கருவியைச் சரிபார்க்க வேண்டும்.

1. கிணற்று நீராயின் மோட்டாரை 15 நிமிடம் ஓடவிட்ட பின் நீர் எடுக்கவும். ஓடையாயின் கரையோரம் தேங்கிய நீரை விடுத்து, ஓடும் நீரை எடுக்கவும்.
2. பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரால் மூன்று முறை அலசவும்.
3. மாதந்தோறும் அதே இடத்தில் அளக்கவும்.
4. தேதி, அளவு, மழை விவரம் ஆகியவற்றை நோட்டில் எழுதவும். மழைக்குப் பின் அளவு குறையும், கோடையில் கூடும். ஆகவே இந்த ஆண்டுக் கோடையைச் சென்ற ஆண்டுக் கோடையோடு ஒப்பிட வேண்டும்.

அளவு சொல்வது என்ன?

மீட்டருக்கு 0.7 டெசி சைமனுக்குக் கீழ் இருப்பின் உப்பால் பாதிப்பில்லை. 0.7 முதல் 3 வரை பயிரைத் தேர்ந்து பாய்ச்ச வேண்டும். பருத்தி தாங்கும், வெங்காயம் தாங்காது. 3-க்கு மேல் பெரும்பாலான பயிர்களுக்கு ஆகாது. கருவி மைக்ரோ சைமனில் காட்டினால் 1000-ஆல் வகுக்கவும்.

2 டெசி சைமன் உள்ள நீரை ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் ஒருமுறை பாய்ச்சினால், சுமார் 250 கிலோ உப்பு நிலத்தில் சேரும். அதாவது ஐந்து மூட்டை! வடிகால் இல்லாத நிலத்தில் இது அங்கேயே தங்கிவிடும்.

அளவு தொடர்ந்து ஏறினால் ஒரு லிட்டர் நீரை மண் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்புங்கள். சோடியம், கார்பனேட் அளவுகளை அங்குதான் அறிய முடியும். ஆலைக்கழிவு என்று ஐயம் எழுந்தால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் மனுவோடு குறிப்பு நோட்டின் நகலையும் கொடுங்கள். ஒருவர் ஒருநாள் எடுத்த அளவைவிட, பல கிணற்றுக்காரர்கள் ஓராண்டு எழுதிய கணக்குக்கு வலு அதிகம்.