குழாயின் சுவரும் நீரின் ஓட்டமும்



கொடைக்கானல் ஏரியிலிருந்து வழியும் நீர் மலைச்சாலையோரம் வெள்ளி நீர்வீழ்ச்சியாய் விழுவதை, பேருந்தின் சன்னல் வழியே நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அந்நீர் திறந்த வெளியில் தன் போக்கில் பாய்கிறது. நாம் பருகும் நீரோ குழாய்க்குள் அடைபட்டே மலைச்சரிவில் இறங்கி வருகிறது. ஒரே தொட்டி, ஒரே உயரம், ஒரே நீளம். எனினும் புதுக்குழாயில் குடம் விரைவில் நிறைகிறது, பழைய இரும்புக் குழாயிலோ நெடுநேரம் காத்திருக்க வேண்டியுள்ளது. காரணம் யாது? துரு படிந்து மேடும் பள்ளமுமான உட்சுவரே காரணம்.

சுவரை ஒட்டிய நீர்

குழாயில் செல்லும் நீர் முழுவதும் ஒரே வேகத்தில் செல்வதில்லை. சுவரைத் தொட்டிருக்கும் மெல்லிய படலம் அசைவதே இல்லை. அதற்கு அடுத்த படலம் மெல்ல நகர்கிறது. நடுவில் உள்ள நீரே மிக விரைவாக ஓடுகிறது. எனவே குழாய் ஒடுங்க ஒடுங்க, சுவரின் பிடி வலுக்கிறது.

இதனை 1839-இல் ஜெர்மானியப் பொறியாளர் ஹாகனும், அதையடுத்த ஆண்டுகளில் பாரிஸ் நகர மருத்துவர் புவாசேயும் அளந்து கண்டனர். குழாய் நெடுகிலும் விட்டம் பாதியானால் ஓட்டமும் பாதியாகும் என்றே நாம் நினைப்போம். அப்படியன்று! மெதுவான, சீரான ஓட்டத்தில் அது பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது. விட்டம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே ஓட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

வேகம் மிகுந்தால் நீர் சுழன்று குழம்பி ஓடும். இம்மாற்றத்தை 1883-இல் ரெனால்ட்ஸ் என்பவர் கண்ணாடிக் குழாயில் சாய நீரைச் செலுத்திக் காட்டினார். 1933-இல் ஜெர்மனியில் நிக்குராட்சே குழாய்களின் உட்புறம் மணலை ஒட்டிச் சோதித்தார். மெதுவான ஓட்டத்தை மணல் அவ்வளவாகத் தடுக்கவில்லை. விரைந்த ஓட்டத்திலோ, குழாயின் விட்டத்தோடு ஒப்பிட மணல் எவ்வளவு பருமனோ அவ்வளவுக்குத் தடையும் மிகுந்தது.

செய்து பார்ப்போம்

ஒரு வாளி நீரை மேசைமேல் வையுங்கள். இரப்பர் குழாயில் நீர் நிரப்பி, ஒரு முனையை வாளியிலும் மறுமுனையைக் கீழே உள்ள குவளையிலும் விடுங்கள். குவளை நிறைய எத்தனை நொடி ஆகிறதெனக் குறியுங்கள். பிறகு குழாயின் நடுவில் ஒரு கிளிப்பைச் சிறுகச் சிறுக இறுக்கி மீண்டும் அளவிடுங்கள். முதலில் பெரிய மாற்றம் தெரியாது. ஓரளவுக்கு மேல் இறுக்கியதும் ஓட்டம் சட்டெனக் குறையும். இதை நினைவில் வையுங்கள், பின்னர் தேவைப்படும்.

மலையைத் துளைத்த குழாய்

வானம் தெளிந்த நாளில் பசுமைப் பள்ளத்தாக்குக் காட்சிமுனையில் நின்றால், கீழே வைகை அணை தெரியும். அதில் தேங்கும் நீரில் ஒரு பகுதி கேரள எல்லையிலுள்ள பெரியாற்றிலிருந்து வருவது. கர்னல் பென்னி குயிக்கின் பொறுப்பில் எழுந்து 1895-இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர், சுமார் 1.7 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தின் வழியே மலையைக் கடந்து தமிழகம் சேர்கிறது. வெடி வைத்துப் பிளந்த பாறை கண்ணாடிபோல் வழவழப்பாக இராது. அத்தகைய சுவரின் தடையையும் கணக்கிட்டே சுரங்கத்தின் அகலத்தையும் சரிவையும் பொறியாளர் வகுக்க வேண்டும். கணக்குத் தவறினால் வயலுக்கு நீர் போதாது.

நமக்குள்ளே ஓடும் குழாய்கள்

புவாசே மருத்துவர் என்றோம் அல்லவா? அவர் அறிய விரும்பியது இரத்த ஓட்டத்தையே. நம் தமனிகளின் உட்சுவர் இயல்பில் வழவழப்பானது. புகைபிடித்தல், நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, மிகுந்த கொழுப்பு ஆகியவற்றால் அச்சுவரில் கொழுப்பு படிந்து மேடிடுகிறது. அவ்விடத்தில் வழி ஒடுங்க, இரத்தம் வேகமாகப் பாய்ந்து, அதைத் தாண்டியதும் சுழல்கிறது. கழுத்துத் தமனி ஒடுங்கியிருந்தால் அச்சுழலின் ஓசையைச் சில வேளை மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பிலேயே கேட்டுவிடுவார்.

இதயத் தமனி ஒடுங்கும்போது, அதற்கு அப்பாலுள்ள நுண்குழாய்கள் விரிந்து குறையை ஈடு செய்கின்றன. ஆகவே உட்கார்ந்திருக்கையில் ஒன்றும் தெரியாது, சிறிது இறுக்கிய கிளிப்பைப் போல! மேட்டில் ஏறும்போது இதயம் அதிக இரத்தம் கேட்கும். அப்போதுதான் குறை வெளிப்படும். சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள நம் ஊரில் காற்றின் அடர்த்தியும் குறைவு. ஆகவே நம்மைக் காண வரும் பாட்டியோ தந்தையோ ஏற்றத்தில் நின்று, "நெஞ்சு இறுக்குகிறது" என்றால், "மலையேறிய களைப்பு" என்று விட்டுவிடலாகாது. உடனே அமரச் செய்து, தாமதமின்றி மருத்துவ உதவி பெறச் செய்வோம். சமதளத்தில் சும்மா இருக்கும்போதே வலித்தால் அது இன்னும் அவசரம்.

குழாயின் துருவும் தமனியின் படிவும் ஒரே நாளில் வருவன அல்ல. அன்றாடம் சிறிது சிறிதாய்ச் சேர்பவை. நம் உள்ளத்தில் படியும் சிறு பொறாமையும் சிறு பொய்யும் அத்தகையவையே. படிவு மெல்லியதாய் இருக்கும்போதே துடைத்துவிட்டால், இறைவன் தரும் அன்பு நம் வழியே பிறருக்குத் தடையின்றிப் பாயும் அன்றோ!