பம்ப் இழுக்காது, தள்ளும்: எரிபொருள் பம்ப் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

கோடையில் திருமலை அடிவாரத்து அலிபிரியைத் தாண்டி மலையேறும் கார் ஏதாவது ஒரு வளைவில் நின்றுவிட்டால், சுற்றி நிற்பவர்களிடம் ஆளுக்கொரு வைத்தியம் இருக்கும். ஒருவர் ஈரத்துணி போடச் சொல்வார், இன்னொருவர் செல்ஃபை விடாமல் அடிக்கச் சொல்வார், மூன்றாமவர் பம்பையே மாற்றச் சொல்வார். திருமலைக்கு முதல் மலைப்பாதை திறந்தது 1944-இல். அந்தக் காலம் முதல் சேர்ந்துவந்த அனுபவத்தில் பாதி, இன்றைய வண்டிக்குப் பொருந்தாது.

2022 ஏப்ரலில் சித்தூர், நெல்லூர் மாவட்டங்களிலிருந்து பிரித்து உண்டாக்கிய திருப்பதி மாவட்டத்தில் மலைச்சாலையும் இருக்கிறது, பழவேற்காடு ஏரிக்கரையும் இருக்கிறது, ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளமும் இருக்கிறது. காரோ படகோ ராக்கெட்டோ, எரிபொருள் பம்புக்கு விதி ஒன்றுதான்: அது இழுக்காது, தள்ளும். அதை வைத்தே இந்த நம்பிக்கைகளைச் சோதித்துவிடலாம்.

நம்பிக்கை: நல்ல பம்பாக இருந்தால் எங்கே பொருத்தினாலும் இழுத்துக்கொள்ளும்.

உண்மை: எந்தப் பம்பும் இழுப்பதில்லை. அது தன் வாய்ப்பக்கம் அழுத்தத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். வெளிக்காற்றின் அழுத்தமே திரவத்தைத் தள்ளிக்கொண்டு வருகிறது. அதனால் தரைமேல் வைத்த மோட்டார் எத்தனை குதிரைசக்தியாக இருந்தாலும் 33 அடிக்குக் கீழிருந்து தண்ணீரை உறிஞ்ச முடியாது. நடைமுறையில் 25 அடியே பெரிது. சித்தூர் விவசாயி நூற்றுக்கணக்கான அடி ஆழப் போர்வெல்லுக்குள் சப்மெர்சிபிள் மோட்டாரை இறக்குவது இதனால்தான்.

பெட்ரோல் இன்னும் சிக்கலானது. அதன் லேசான பகுதிகள் 35, 40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கும். அழுத்தம் குறைந்தால் அதற்கும் முன்பே கொதிக்கும். திருப்பதி வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாளில் நீளமான உறிஞ்சு குழாய் வைத்தால், பம்புக்கு வந்து சேர்வது பெட்ரோல் அல்ல, ஆவி. ஆகவே காரில் எலக்ட்ரிக் பம்பின் இடம் டேங்கின் அருகே, அதன் மட்டத்துக்குக் கீழே. அதைவிட நல்ல இடம் டேங்குக்குள்ளே.

நம்பிக்கை: டேங்குக்குள் மின்மோட்டார் இருந்தால் ஒரு பொறியில் வெடித்துவிடும்.

உண்மை: பெட்ரோல் ஆவி தீப்பிடிக்க, காற்றில் அதன் அளவு சுமார் 1.4 முதல் 7.6 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். டேங்கின் மேல்பகுதியில் ஆவி பொதுவாக அதைவிட அடர்த்தி. மூழ்கிக் கிடக்கும் மோட்டாரைச் சுற்றியோ காற்றே இல்லை. பெட்ரோல் மோட்டாரின் ஊடாகவே ஓடி அதைக் குளிர்விக்கிறது, மசகும் அளிக்கிறது.

நம்பிக்கை: எரிபொருள் வரவில்லையா? பம்ப் போய்விட்டது.

உண்மை: பம்பைக் குற்றம் சொல்லும் முன் அதற்கு வந்து சேர்வதைப் பார்க்க வேண்டும். 2021 ஆகஸ்ட் 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஈஓஎஸ்-03 செயற்கைக்கோளோடு கிளம்பிய ஜிஎஸ்எல்வி-எஃப்10 ராக்கெட்டின் கிரயோஜெனிக் கட்டம் ஐந்தாவது நிமிடத்தில் உயிர்பெறவில்லை. அதன் எரிபொருளான திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரியிலேயே கொதிக்கும் பொருள். அதை எஞ்சினுக்குத் தள்ளும் பூஸ்டர் பம்ப், டேங்குக்குள்ளேயே பொருத்தப்பட்டிருந்தது. அந்தப் பம்ப் சரியாக இயங்கவில்லை. ஆனால் விசாரணைக் குழு கண்ட காரணம் பம்ப் அல்ல. டேங்கின் வால்வு ஒன்று கசிந்ததால் உள்ளழுத்தம் குறைந்துபோயிருந்தது.

வண்டியிலும் இதே கதைதான். அடைத்த ஃபில்டர், மூடிக்கொண்ட டேங்க் காற்றுவழி, தளர்ந்த எர்த் வயர், ரிலே, ஃப்யூஸ் எல்லாம் பார்த்த பிறகே பம்பின் முறை.

நம்பிக்கை: மலையில் வண்டி நின்றால் பம்பின்மேல் ஈரத்துணி போட வேண்டும்.

உண்மை: கார்புரேட்டர் கால அம்பாசடருக்கு அது நல்ல வைத்தியம். அதில் பம்ப் எஞ்சினோடு ஒட்டியிருந்தது, தந்த அழுத்தமும் ஒரு பாரில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. எஞ்சின் சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்துக்கொள்ளும். இன்றைய இன்ஜெக்ஷன் வண்டியில் பம்ப் டேங்கில், குழாயின் அழுத்தம் மூன்று பாருக்கு மேல். அந்த அழுத்தத்தில் பெட்ரோல் எளிதில் கொதிக்காது. சுமார் 850 மீட்டர் உயரத்துத் திருமலையில் காற்றழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும் கவலையில்லை. ஈரத்துணி இப்போது மின் கனெக்டரைக் கெடுக்கத்தான் உதவும்.

நம்பிக்கை: ஸ்டார்ட் ஆகும்வரை செல்ஃபை விடக்கூடாது.

உண்மை: பெட்ரோல் தீர்ந்து நின்ற வண்டியில், நிரப்பிய பிறகும் குழாயில் காற்றுதான் இருக்கும். சாவியை ஆன் செய்தால் பெரும்பாலான வண்டிகளில் பம்ப் இரண்டு விநாடி ஓடி நின்றுவிடும். பின்சீட் பக்கம் மெல்லிய ரீங்காரம் கேட்கும். ஆஃப் செய்து மூன்று நான்கு முறை ஆன் செய்தால் குழாய் நிறைந்துவிடும், பிறகு செல்ஃப் அடிக்கலாம். ஒருமுறைக்குப் பத்து விநாடி போதும்.

டீசல் வண்டி, டிராக்டரில் ஏர் பிடித்தால் கைப்பம்பை அடித்து ஏர் எடுக்க வேண்டும். காமன் ரெயில் எஞ்சினில் இன்ஜெக்டர் குழாயை மட்டும் தளர்த்தாதீர்கள். ஓடும்போது அதன் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும், டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

நம்பிக்கை: ரிசர்வில் ஓட்டினால் பம்ப் உடனே எரிந்துவிடும்.

உண்மை: பாதி சரி. பல வண்டிகளில் பம்பைச் சுற்றி ஒரு சிறு கிண்ணம் எரிபொருளைத் தேக்கி வைத்திருக்கும். ஆனால் செங்குத்தான ஏற்றத்திலும் கொண்டை ஊசி வளைவிலும் மிச்சமுள்ள பெட்ரோல் ஒருபக்கமாக ஒதுங்கும். பம்ப் காற்றைக் குடிக்கும், சூடேறும். இதையே வழக்கமாக்கினால் ஆயுள் குறையும்.

நம்பிக்கை: காருக்குச் சரியான இடம் படகுக்கும் சரி.

உண்மை: இங்கேதான் ஆபத்து அதிகம். காரில் பெட்ரோல் கசிந்தால் சாலையில் விழும். படகில் அதன் ஆவி காற்றைவிடக் கனமானதால் அடித்தளத்தில் தேங்கும். டேங்க் அருகே பம்ப் வைத்தால் படகு நெடுகப் போகும் குழாய் முழுவதும் அழுத்தத்தில் இருக்கும், ஒரு கீறலில் பெட்ரோல் பீய்ச்சும். எஞ்சின் அருகே வைத்தால் அந்தக் குழாய் உறிஞ்சு குழாய். கீறல் விழுந்தால் காற்று புகுந்து எஞ்சின் நிற்கும், தீ பிடிக்காது. அதனால்தான் அமெரிக்கக் கடலோரக் காவல்படை விதி, உள்ளே பொருத்திய பெட்ரோல் எஞ்சின் படகில் பம்ப் எஞ்சின்மீதோ அதிலிருந்து 12 அங்குலத்துக்குள்ளோ இருக்க வேண்டும் என்கிறது. எஞ்சின் ஓடும்போதோ ஸ்டார்ட் ஆகும்போதோ தவிர எலக்ட்ரிக் பம்ப் ஓடவும் கூடாது. வேகப்படகில் தனி சுவிட்ச் வைத்துப் பம்பை ஓடவிடுவது இந்த விதிக்கு நேர் எதிர்.

படகில் பம்ப் டேங்கிலிருந்து தூரம் போனதற்கு ஈடுகட்ட வழி உண்டு: எஞ்சின் அறையில் முடிந்தவரை தாழ்வாக, புகைபோக்கிச் சூட்டிலிருந்து விலக்கி வைப்பது, அகலமான, வளைவு குறைந்த குழாய் போடுவது. வேகத்தில் மூக்கு தூக்கி எரிபொருள் பின்னால் ஒதுங்குவதால் எடுப்புக்குழாயை டேங்கின் பின்பக்கம் வைப்பார்கள். அவுட்போர்டு எஞ்சின் ஹோஸில் உள்ள ரப்பர் பல்பை, அம்புக்குறி எஞ்சினைப் பார்க்க, நிமிர்த்திப் பிடித்து, கெட்டிப்படும்வரை அமுக்கினால் ப்ரைமிங் முடிந்தது.

நம்பிக்கை: பெரிய பம்ப் போட்டால் வேகம் கூடும்.

உண்மை: எஞ்சின் தனக்கு வேண்டியதை மட்டுமே எடுக்கும். மிச்சம் டேங்குக்குத் திரும்பி, திரும்பத் திரும்பச் சுற்றிச் சூடேறும்.

மலையேறும் முன் கால் டேங்காவது பெட்ரோல் இருக்கட்டும். படகில் ஸ்டார்ட் செய்யும் முன் எஞ்சின் அறையைத் திறந்து முகர்ந்து பாருங்கள், வாடை வந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள். பம்பை மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் முதலில் பிரஷர் கேஜ் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.