உண்ணிக்கடியும் அதன்பின் வரும் காய்ச்சலும்

குருவிகுளம் வட்டாரத்துக் கரிசற் பூமியில் ஆடு மாடு வளர்ப்போர் மிகுதி. தறியை நம்பி வாழும் குடும்பங்களிலும் ஓரிரு வெள்ளாடுகள் உண்டு. ஆகவே உண்ணி நமக்குப் புதியதன்று. கடித்தால் பிய்த்தெறிந்துவிட்டு வேலையைப் பார்க்கிறோம். பெரும்பாலான கடிகளால் தீங்கு நேருவதில்லை என்பதும் உண்மையே. ஆயினும் எப்போது மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்பதை ஒவ்வோர் அங்கத்தினரும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

ஒரு சங்கத்தைப் பார்வையிடச் சென்றிருந்தபோது, அங்கத்தினர் ஒருவரின் தறி மூன்று வாரமாக ஓய்ந்திருக்கக் கண்டோம். அவருடைய மனைவியார் விறகு பொறுக்கி வந்த பத்தாம் நாள் காய்ச்சலில் விழுந்தாராம். கடை மாத்திரையிலேயே எட்டு நாட்கள் கழிந்தன. மூச்சுத் திணறல் கண்ட பின்னரே மருத்துவமனை சென்றனர். அங்கே செவிலியர் ஒருவர், இடுப்பில் சேலைக்கட்டின் கீழே கருத்த பொருக்கு ஒன்றைக் கண்டார். நோய் இன்னதென்று அப்போதுதான் விளங்கிற்று. அம்மையார் பிழைத்தார், ஆனால் நூலுக்கென வைத்திருந்த பணமும் மூன்று வாரக் கூலியும் போயின.

இந்நோயை உண்ணிக் காய்ச்சல் என்பர். ஆங்கிலத்தில் ஸ்க்ரப் டைபஸ் என்று பெயர். இது மாட்டுண்ணியால் வருவதன்று. உண்ணிக்கு உறவான, கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு பூச்சியின் இளம்பருவம் கடிப்பதால் வருவது. புதர்களிலும் புல்வெளிகளிலும் எலிகள் நடமாடும் இடங்களிலும் இப்பூச்சி வாழ்கிறது. கடி வலிப்பதில்லை. ஆறு முதல் இருபத்தொரு நாட்களுக்குள் காய்ச்சல், தலைவலி, உடல்வலி தோன்றும். கடித்த இடத்தில் பீடி நெருப்புப் பட்டதுபோல் கருத்த பொருக்கு உண்டாகலாம்; எல்லோருக்கும் உண்டாவதில்லை. அக்குள், தொடைஇடுக்கு, இடுப்பு முதலிய மறைவிடங்களில் தேடிப் பார்த்தல் வேண்டும். இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது.

தொடக்கத்திலேயே அறிந்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரை நன்கு குணமளிக்கும். கர்ப்பிணிகளுக்கு அஸித்ரோமைசின் தருவர். இவற்றை மருத்துவர் சொற்படியே உட்கொள்ள வேண்டும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை ஆகியன பாதிக்கப்படும். நோய் முற்றியோருக்கு இவ்விரு மருந்துகளையும் நரம்பின் வழியே சேர்த்தளிப்பது, ஒன்றை மட்டும் அளிப்பதைவிடச் சிறந்தது என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் முன்னின்று நடத்தி 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று.

உண்மையான உண்ணியாலும் நோய் பரவுவதுண்டு. இன்றைய கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்தில் 1957இல் குரங்குகள் மடிந்தபோது கண்டறியப்பட்ட கியாசனூர்க் காட்டுநோய் அத்தகையது. மலைக்காடுகளுக்கு வேலைக்குச் சென்று திரும்புவோர், காய்ச்சல் கண்டால் சென்ற இடத்தை மருத்துவரிடம் மறவாது கூற வேண்டும்.

உண்ணி கடித்திருப்பின் செய்யத்தக்கன:

1. முள்வாங்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மெல்ல இழுக்க வேண்டும்.

2. மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, நெருப்பு இவற்றை அதன்மேல் வைத்தலாகாது. நகத்தால் நசுக்குதலும் ஆகாது.

3. கடிவாயையும் கைகளையும் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

4. கடித்த தேதியைக் குறித்து வைத்து, மூன்று வாரம் உடல்நிலையைக் கவனித்து வர வேண்டும்.

அதற்குள் காய்ச்சல் கண்டால் தாமதியாமல் ஆரம்ப சுகாதார நிலையம் சென்று, கடியையும் புதர்க்காட்டில் வேலை செய்ததையும் சொல்லுக. மூச்சுத் திணறல், பிதற்றல், வலிப்பு, இரத்தக் கசிவு, சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் 108 வண்டியை அழைத்துப் பெரிய மருத்துவமனைக்கே கொண்டு செல்க.

புதரில் வேலை செய்வோர் உடல் மூடிய ஆடை அணிதலும், வீடு திரும்பியதும் குளித்து உடுப்பை வெந்நீரில் துவைத்தலும், வீட்டைச் சுற்றிய புதரை வெட்டுதலும் வருமுன் காக்கும் வழிகளாம்.

சங்கக் கூட்டத்தில் ஆராய்வதற்கு:

1. நம் அங்கத்தினர் வீடுகளில் முள்வாங்கி உள்ளதா?

2. காய்ச்சல் கண்டால் நாம் முதலில் செல்வது கடைக்கா, சுகாதார நிலையத்துக்கா?

3. நோயுற்ற அங்கத்தினரின் தறி ஓயும் நாட்களில் சங்கம் எவ்வகையில் துணை நிற்கலாம்?