மாணவர் துணைக்கோளும் அதன் நிரலும்

பெங்களூரு, ஹைதராபாத் நகரங்களின் ஏழு பொறியியற் கல்லூரி மாணவர் கூடி அமைத்த ‘ஸ்டட்சாட்’ துணைக்கோள், 2010 ஜூலை 12ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி15 ராக்கெட்டில் ஏவப்பட்டது. எடை ஒரு கிலோகிராமுக்கும் குறைவே. தரைநிலையம் பெங்களூரு நிட்டே மீனாட்சி தொழில்நுட்பக் கல்லூரியில் அமைக்கப்பட்டது.

மேசைமேலுள்ள கணிப்பொறி இடையில் நின்றுபோனால், விசையை அணைத்து மீண்டும் முடுக்கலாம். 600 கிலோமீட்டருக்கு மேல் உயரத்திற் சுற்றும் கோளை யார் சென்று தொடுவது? தரைநிலையத்தின் பார்வையில் அது தங்குவதோ ஒவ்வொரு முறையும் சில நிமிஷங்களே. ஆகையால் இத்தகைய கருவிகளிற் காவற் கடிகாரம் ஒன்றை வைப்பர். நிரல், தான் இயங்குவதை அதற்கு இடைவிடாது அறிவித்துவர வேண்டும். அறிவிப்பு வாராவிடில் கடிகாரமே கணிப்பொறியை மறுபடி தொடங்கிவிடும். தொடங்கினால் மட்டும் போதாது, விட்ட வேலையை அறிந்து தொடரவும் வேண்டும். மாணாக்கர் நிரல் ஓடுகையில் ஆசிரியர் மின்சாரத்தைத் துண்டித்துப் பார்க்கலாம். பெரும்பாலானவை அங்கேயே தடுமாறும்.